கேஜன் என்றால் யார்?

உணவகங்களில் 'கேஜன் சிக்கன்', 'கேஜன் ஃப்ரைஸ்' என்று கேட்டால் மேலே சிவப்பாக ஒரு காரப்பொடி தூவித் தருகிறார்கள். அதனால் கேஜன் என்பது ஒரு மசாலாவின் பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது, சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்ட ஒரு மக்களின் பெயர்.

17ஆம் நூற்றாண்டில், இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். அந்தப் பகுதிக்கு அக்காதி என்று பெயர். அங்கே வாழ்ந்தவர்கள் அக்காதியர். பிரிட்டிஷ் மன்னருக்கு நிபந்தனையில்லாமல் விசுவாசம் உரைக்க மறுத்தார்கள் என்று சொல்லி, 1755 முதல் பிரிட்டிஷார் அவர்களைக் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். வழியிலேயே இறந்தவர்கள் பலர். பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் அமெரிக்காவின் தெற்கே, லூயிசியானாவின் சதுப்பு நிலங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். 1785இல் மட்டும், பிரான்சில் ஒதுங்கியிருந்த அக்காதியர் சுமார் 1,600 பேர் ஏழு கப்பல்களில் வந்து இறங்கினார்கள்.

வந்த இடத்தில் பெயரும் தேய்ந்தது. 'அக்காதியன்' முதலெழுத்தை உதிர்த்துக் 'காதியன்' ஆனது. நாம் இரண்டை ரெண்டு என்கிறோமே, அப்படித்தான். அப்புறம் 'தி' குழைந்து 'ஜ' ஆனது. ஐந்து அஞ்சானதும் இதே போன்ற மாற்றம். இப்படிக் காஜன் ஆகி, ஆங்கிலம் பேசுவோர் வாயில் கேஜன் ஆகிவிட்டது.

அந்தச் சொல் நெடுங்காலம் வசைச்சொல்லாக இருந்தது என்பதுதான் மனதை உறுத்துகிறது. 1921இல் லூயிசியானா அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்றது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். 1968இல்தான் பிரெஞ்சை வளர்க்க மாநில அரசு ஒரு மன்றம் அமைத்தது. பால் புருடோம் என்ற கேஜன் சமையற்காரர் 1979இல் நியூ ஆர்லியன்ஸில் உணவகம் திறந்தார். 1980களில் அவர் கைப்பக்குவம் நாடெங்கும் பேசப்பட்டது. அதன்பின் உணவகப் பலகைகளில் இந்தப் பெயர் பெருமையோடு ஏறியது. சென்னையிலும் கிளை வைத்திருக்கும் பாப்பைஸ், 1972இல் நியூ ஆர்லியன்ஸ் அருகே தொடங்கிய கடைதான்.

சரி, லூயிசியானா சமையல் என்றாலே கேஜனோடு சேர்த்துச் சொல்லப்படும் கிரியோல் என்றால் என்ன? போர்த்துக்கீச, ஸ்பானிய மொழிகளில் 'வளர்த்தல்' என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல் அது. குடியேற்ற நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களைக் குறித்தது. இலங்கையில் போர்த்துக்கீச வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரின் மொழியைக் கிரியோல் என்பதும் இதே சொல்தான். சமையலில் கிரியோல் நகரத்துக்காரர், கேஜன் நாட்டுப்புறத்தார். ஜம்பலாயா சோற்றில் தக்காளி போட்டுச் சிவக்க வைப்பது கிரியோல் வழக்கம். தக்காளி இல்லாமல், இறைச்சியைக் கருக வதக்கிப் பழுப்பாக்குவது கேஜன் வழக்கம். இரண்டிலும் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும் அடிப்படை.

தமிழில் எப்படி எழுதுவது? 'காரசாரக் கோழி' என்று பெயர்ப்பது தவறு. செட்டிநாட்டுக் கோழியை வேற்றுமொழியில் வெறும் காரக் கோழி என்றால் நமக்கு எப்படியிருக்கும்? மக்கள் பெயரை அப்படியே வைத்துக் 'கேஜன் கோழி வறுவல்', 'கேஜன் மசாலாப் பொடி' என்றால் போதும். வரலாறு பேசும்போது 'அக்காதியர்' என்று எழுதலாம். கிரந்தம் வேண்டாதவர்களுக்குக் 'கேசன்'.