தாக்காநிலைப் புதிர்: சொல் விளக்கம்

சதுரங்கக் காய்களை ஒன்றையொன்று தாக்காதவாறு பலகையில் நிறுத்தச் சொல்லும் புதிர்களுக்கு ஆங்கில நூல்களில் ‘இண்டிபெண்டன்ஸ் ப்ராப்ளம்’ என்று பெயர். அகராதியை மட்டும் நம்பி இதைப் பெயர்த்தால் ‘சுதந்திரச் சிக்கல்’ என்று வரும். படிப்பவர் 1947ஆம் ஆண்டைப் பற்றிய கட்டுரை என்றே எண்ணுவார். இதற்குப் பொருந்துவது ‘தாக்காநிலைப் புதிர்’ என்பது என் கருத்து.

இவ்வகைப் புதிர்களுள் புகழ்பெற்றது எட்டு அரசிகள் புதிர். மாக்ஸ் பெட்செல் என்னும் ஜெர்மானியச் சதுரங்க ஆர்வலர் 1848இல் பெர்லின் சதுரங்க இதழொன்றில் இதை வெளியிட்டார். 64 கட்டப் பலகையில் எட்டு அரசிகளை எந்த இரண்டும் ஒரே நிரையிலோ நிரலிலோ மூலைவிட்டத்திலோ அமையாதவாறு நிறுத்த வேண்டும். முதல் நிரலிலிருந்து தொடங்கி, நிரலுக்கு ஓர் அரசியாக 1, 5, 8, 6, 3, 7, 2, 4 ஆகிய நிரைகளில் வைத்துப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கும். மொத்த விடைகள் 92 என்பதை 1850இல் வெளியிட்டவர் ஃபிரான்ஸ் நவுக். கணித மேதை காஸும் அதே ஆண்டில் தம் நண்பர் ஷூமாகருக்கு எழுதிய மடல்களில் இப்புதிரை ஆராய்ந்தார். அதனாலேயே இதைப் படைத்தவர் அவர் என்ற தவறான செய்தி பல இடங்களில் உலவுகிறது. பலகையைச் சுழற்றியும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பியும் பெறுபவற்றை ஒன்றாகவே கொண்டால் எஞ்சுவன 12 விடைகள்தாம். அவற்றுள் பதினொன்று எட்டு வடிவம் பெறும். ஒன்று மட்டும் தன்னளவிலேயே சமச்சீர் உடையதாகையால் நான்கு வடிவமே பெறும்.

‘இண்டிபெண்டன்ஸ்’ என்னும் பெயர், புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதப் பிரிவான கோட்டுருவியலிலிருந்து வந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு புள்ளியாகக் கொண்டு, ஒரு கட்டத்தில் நிற்கும் காய் தாக்கக்கூடிய கட்டங்களை அதனுடன் கோட்டால் இணைத்தால், தம்முள் ஒரு கோட்டாலும் இணையாத புள்ளிகளின் தொகுப்பே புதிரின் விடையாகிறது. ‘இண்டிபெண்டன்ட் வேரியபிள்’ என்பதைச் ‘சாரா மாறி’ என்று நம் கணித நூல்கள் வழங்குவதைப் பின்பற்றி இத்தொகுப்பைச் ‘சாராக் கணம்’ எனலாம்; கோட்டுருவியலுக்குள் அது பொருந்தவும் செய்யும். பலகைக்கு வந்தால் அச்சொல் பொருளைத் திரித்துவிடுகிறது. ஓர் அரசியை ஓரிடத்தில் வைத்த மறுகணமே மற்ற ஏழும் நிற்கக்கூடிய இடங்கள் குறுகுகின்றன. கடைசி அரசிக்கு இடமில்லாமற்போனால் முன்பு வைத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மாற்ற வேண்டியிருக்கிறது. இவ்வாறு முன்சென்றும் பின்வாங்கியும் விடைதேடும் முறையைக் கணினி நிரலாக்க மாணவர்கள் பெரும்பாலும் இப்புதிரைக் கொண்டுதான் கற்கிறார்கள். ஒன்றின் இடம் மற்றதன் இடத்தை இவ்வளவு சார்ந்திருக்கையில் அவற்றைச் ‘சாரா அரசிகள்’ என்பது எப்படிச் சரியாகும்?

தமிழுக்கோ இங்கே ஒரு வசதி உண்டு. ‘ஓடாக் குதிரை’, ‘செல்லாக் காசு’ என்பவற்றில் உள்ள ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒரு செயல் நிகழாமையை ஒரே சொல்லில் தாங்கி நிற்கிறது. அவ்வழியே ‘தாக்காக் காய்கள்’ என்றும், அவை அமைந்த நிலையைத் ‘தாக்காநிலை’ என்றும் சொல்லலாம். ஆடுபவர்கள் வாயில் வழங்குவது ‘வெட்டு’ என்னும் சொல்தானே, ‘வெட்டாநிலை’ என்றால் என்ன என்று கேட்கலாம். வெட்டுவது காயைப் பலகையிலிருந்து நீக்கும் செயல். தாக்குவது வெட்டக்கூடிய நிலையில் நிற்பது. இப்புதிர்களில் எந்தக் காயும் நகர்வதில்லை, நிறமும் கணக்கில் இல்லை என்பதால் ‘தாக்கு’ என்பதே பொருந்தும்.

‘அரசி’ என்பதிலும் சற்று நிற்க வேண்டும். ஜெர்மன் மொழியில் அக்காயின் பெயர் ‘டாமெ’, அதாவது சீமாட்டி. ஆகவே பெட்செலின் புதிரில் இருந்தவர்கள் எட்டுச் சீமாட்டிகள். இன்னும் பின்னோக்கிச் சென்றால் பாரசீகத்தில் அது அரசரின் ஆலோசகர். இந்தியில் இன்றும் ‘வஜீர்’. தமிழிலோ ‘மந்திரி’ என்றால் பலர் பிஷப்பையே நினைப்பதால் அச்சொல்லை இங்கே தவிர்ப்பது நல்லது. அந்த ஆலோசகர் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் நகர்ந்தார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஐரோப்பாவில் அக்காய்க்கு நீண்ட ஓட்டம் வாய்த்தது. பழைய விதிப்படி ஒரு நிரை விட்டு ஒரு நிரையை நிரப்பி 32 ஆலோசகர்களைத் தாக்காநிலையில் நிறுத்திவிடலாம். அதில் புதிரென்று சொல்ல ஒன்றுமில்லை.

மற்றக் காய்களுக்கும் இதே பெயர் பொருந்தும். தாக்காநிலையில் அதிகபட்சமாக நிறுத்தக்கூடிய யானைகள் எட்டு (அவற்றை நிறுத்தும் வழிகள் 40,320), பிஷப்புகள் 14, ராஜாக்கள் 16. குதிரை எப்போதும் நிறம் மாறியே பாய்வதால், ஒரே நிறக் கட்டங்கள் முழுவதிலும் 32 குதிரைகளை நிறுத்தலாம்.

இதற்கு எதிரான வகையும் ஒன்று உண்டு. காய் நிற்காத ஒவ்வொரு கட்டமும் தாக்கப்பட வேண்டும், அதற்கு மிகக் குறைந்த காய்கள் எத்தனை என்று கேட்பது அது. அரசிகளாயின் ஐந்து போதும். ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘டாமினேஷன்’. ‘ஆதிக்கம்’ என்று பெயர்க்காமல் ‘முழுத்தாக்குப் புதிர்’ என்றால் இரண்டும் ஒரே வினையடியில் பிறந்த இணைச்சொற்களாக அமையும்.