பொன் உருகக் காயும் நாளில் மேற்கே பாருங்கள்

"நேத்து மழைன்னு சொன்னீங்களே சார், எங்க தெருவுல ஒரு சொட்டு விழலையே?" ஆகஸ்ட் பிறந்தால் எங்கள் குடியிருப்பின் காவலாளி முதல் சம்பந்தி வீட்டார் வரை என்னைக் கேட்பது இதுதான். விமான நிலைய வானிலை மேசையில் வேலை பார்த்த காலத்தில் விமானிகள் இதையே தலைகீழாகக் கேட்பார்கள்: "முப்பது சதவீதம்னுதானே போட்டிருந்தீங்க? முக்கால் மணி நேரம் மேலேயே சுத்தினேன்."

இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சென்னைப் பக்கம் மழை எந்த நாளில், எந்த மாவட்டத்தில், மாலையா இரவா என்பதைக் காலையிலேயே ஓரளவு சொல்லிவிடலாம். எந்தத் தெருவில் என்பதைச் சொல்ல முடியாது. அது தெரிய வருவதற்குள் மாலை நான்கு மணி ஆகிவிடும்.

புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்கள். அந்தப் பழமொழியில் பாதி வானிலையியல் அடங்கிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, நம் பக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. காலையில் வானம் தெளிவாக இருக்கும், மதியத்துக்குள் வெயில் 36, 37 டிகிரியைத் தொடும். அப்போது கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே நுழையும். மேசையில் இருந்தபடியே அதைப் பார்க்கலாம். 270 டிகிரியில், அதாவது மேற்குத் திசையில் நின்ற காற்றுமுள் சற்றுத் தடுமாறி, சில நிமிடங்களில் 110-க்கு, ஏறக்குறைய கிழக்குக்குத் திரும்பிவிடும். வெப்பநிலை இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். "அப்பாடா, காத்து வந்துடுச்சு" என்று ஊரே மூச்சுவிடும்.

அந்தக் காற்று அதோடு நிற்பதில்லை. உள்நாட்டுக்குள் போய் மேற்குக் காற்றோடு முட்டுகிறது. முட்டிய காற்றுக்குப் போக வேறு வழியில்லை, மேலேதான் போக வேண்டும். மூன்று மணிக்கு மேல் அரக்கோணம், ராணிப்பேட்டை, வேலூர்ப் பக்கம் மேகம் காலிஃபிளவர் போலக் குமிழ் விட்டு எழும். வளர்ந்தால் 50,000 அடி வரை போகும். பயணிகள் விமானம் பறப்பது 35,000 முதல் 40,000 அடியில்; அதன் தலைக்கு மேலே தாண்டிப் போகலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

இங்கே ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. இடைமட்டத்தில் வீசும் மேற்குக் காற்று இந்த மேகத்தைச் சென்னையை நோக்கித் தள்ளும். ஆனால் அதன் உச்சி இருக்கும் உயரத்தில், சுமார் 14 கிலோமீட்டருக்கு மேல், தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுக்கக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக்காற்று ஓடுகிறது. 1950-களில் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம் நாட்டு வானிலையாளர் பி. கோட்டேஸ்வரம். அந்தக் காற்று மேகத்தின் தலைமுடியை நமக்கு எதிர்ப்பக்கமாக வாரிவிடுகிறது. அதனால் மேகத்தின் அடி நம்மை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தாலும் தலைக்கு மேலே வானம் நீலமாகவே இருக்கும். துணியை எடுக்க மாடிக்கு ஓடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். நேர் மேலே பார்க்காதீர்கள், மேற்கே பாருங்கள்.

இப்போது, மழை அறிவிப்பில் அடிக்கடி வரும் அந்த "ஓரிரு இடங்களில்". கிண்டலுக்கென்றே பிறந்த சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு அளவு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவானால் ஓரிரு இடங்கள், 26 முதல் 50 வரை ஒரு சில இடங்கள், 51 முதல் 75 வரை பல இடங்கள், அதற்கு மேல் பெரும்பாலான இடங்கள். ஆக, ஓரிரு இடங்கள் என்று அறிவித்த நாளில் உங்கள் தெரு நனையாமல் இருப்பதுதான் இயல்பு. அண்ணா நகரில் கொட்டி, அடையாறில் ரோடு காய்ந்து கிடந்தால் கணிப்பு பொய்த்துவிட்டது என்று அர்த்தமில்லை.

விமானிகளுக்கான முன்னறிவிப்பிலும் இப்படி ஒரு சொல் உண்டு: ப்ராப், அதாவது எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பது. அதில் 30, 40 என்ற இரண்டு எண்களுக்குத்தான் இடம். 30-க்குக் கீழே என்றால் எழுதவே மாட்டோம். 50-ஐத் தொட்டால் ப்ராப் என்ற சொல்லே போய்விடும். எனவே ப்ராப் 30 இடிமழை என்பதை "வராது" என்று படிக்கிற விமானி எரிபொருளைக் குறைத்து ஏற்றிக்கொண்டு வருகிறார் என்பது என் கருத்து. மாற்று விமான நிலையமாகப் பெங்களூரை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. செப்டம்பர் மாலைகளில் பெங்களூரிலும் இதே இடிமழைதான். இரண்டு ஊர் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மீனம்பாக்கத்தில் இந்த நேரத்துச் சிக்கல் தனி ரகம். மாலையில் கடற்காற்றை எதிர்கொண்டு விமானங்கள் 07 என்ற ஓடுதளத்தில் இறங்கிக்கொண்டிருக்கும், அதாவது மேற்கிலிருந்து வரிசையாக வரும். இடிமேகமும் அதே மேற்கிலிருந்துதான் வருகிறது. மழைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்னால் குளிர்ந்த காற்று புழுதியோடு பாய்ந்து வந்தால், எதிர்க்காற்று சட்டென்று பின்காற்றாக மாறிவிடும். ஓடுதளத்தை 25-க்கு, அதாவது அதே ஓடுதளத்தின் எதிர்த்திசைக்குத் திருப்ப வேண்டும், வரிசை முழுக்கக் கலையும். மேகம் குடத்தைக் கவிழ்த்தது போலக் காற்றைக் கீழே கொட்டும்போது இறங்குகிற விமானம் அதற்குள் மாட்டினால் முதலில் எதிர்க்காற்று தூக்கிவிடும், அடுத்த சில விநாடிகளில் பின்காற்று கைவிடும். 1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டல்லாஸில் 130-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தது இப்படித்தான்.

பயிற்சி விமானிகளுக்கு இன்னொன்று. 37 டிகிரி வெயிலில் காற்று இலேசாகிவிடுவதால், கடல் மட்டத்து ஓடுதளமும் சின்ன விமானத்துக்குச் சுமார் 2,600 அடி உயரத்து ஓடுதளம் போலத்தான். காலை ஏழு மணிக்குக் கிளம்பிய அதே எடையோடு மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பாதீர்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு செப்டம்பர் மாலை, காஞ்சிபுரத்துக்கு மேல் இருந்த மேகம் ரேடாரில் வெளிறிக்கொண்டே வந்தது. "எட்டு மணிக்குள்ள அடங்கிடும்" என்று பணி முடித்துப் போகும் முன் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். செத்த மேகம் விட்ட குளிர்காற்று முன்னால் ஓடி, அரை மணிக்குள் தாம்பரத்துக்கு மேல் புதிதாக ஒன்றைக் கிளப்பிவிட்டது. பல்லாவரம் பாலத்தில் நனைந்தபடி நின்று அதைப் பார்த்தேன். அன்றிலிருந்து ரேடார் படத்தை ஒற்றைப் படமாக நம்புவதில்லை. கடைசி ஒரு மணி நேரப் படங்களை ஓடவிட்டுப் பார்த்தால்தான் மேகம் வளர்கிறதா, நகர்கிறதா, புதிதாக முளைக்கிறதா என்று தெரியும். வானிலைத் துறையின் தளத்தில் அது எல்லோருக்கும் கிடைக்கிறது. அதோடு மூன்று மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்பையும் சேர்த்துப் படியுங்கள்.

மின்னலைப் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் மின்னலில் இறக்கிறார்கள், பெரும்பாலும் வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் உள்ளே போய்விடுங்கள். புளியமரமோ பனைமரமோ அடைக்கலம் ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம். தாமினி செயலி போனில் இருந்தால் சுற்றுவட்டார மின்னலைக் காட்டும்.

அக்டோபர் நடுவில் காற்று வடகிழக்குக்குத் திரும்பியதும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அப்போது மழை கடலிலிருந்து வரும், பெரும்பாலும் விடியற்காலையில் வரும். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.