கடுவன் குட்டிதான் வேணுமா?

கால்நடை மருத்துவம் பார்க்கிறவன் என்பதால் வாரத்துக்கு இரண்டு போனாவது எனக்கு இப்படி வரும்: "சார், நல்ல கடுவன் நாய்க்குட்டியா ஒண்ணு இருந்தா சொல்லுங்க." காப்பகத்துக்குப் போகச் சொன்னாலும் அங்கே போய் அதையேதான் கேட்கிறார்கள். வளர்ந்த நாய்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பொட்டை என்றால் பேச்சே இல்லை. கண் திறக்காத பொட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி பெங்களூரு ரோட்டோரம் வீசிவிட்டுப் போகிறவர்களும் இங்கே உண்டு. வளர்க்கிற பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சொன்னால் சிரிக்கிறார்கள்.

நான் சொல்வது நேர்மாறு. ஒன்றரை, இரண்டு வயதான பொட்டையை எடுங்கள், கருத்தடை ஆனதாகப் பார்த்து.

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் மூன்றாவது குட்டி தேடி என்னிடம் வந்தார். முதல் இரண்டும் வாந்தி, ரத்தபேதி என்று நாலே நாளில் போய்விட்டன. திருஷ்டி என்பது வீட்டம்மாவின் முடிவு. அது பார்வோ, நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். முதல் குட்டியைப் புதைத்த அதே மாதம் அடுத்ததைக் கொண்டுவந்திருக்கிறார். கிருமி செத்த குட்டியோடு போவதில்லை. கழிச்சலில் இறங்கி, நிழலான மண்ணில் மாதக்கணக்கில், சில நேரம் வருஷம் வரைகூட உயிர்ப்போடு கிடக்கும். பினாயிலுக்கு அசையாது. சிமெண்ட் தரை என்றால் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றலாம், தோப்பு மண்ணை என்ன செய்வது?

"ஊசி போட்டிருந்தேனே சார்" என்றார். ஒரே ஒரு ஊசி. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாததால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை போடச் சொல்கிறோம். ஊசியெல்லாம் முடிந்த வளர்ந்த நாய்க்கு அந்தத் தோப்பு மண்ணைப் பற்றிப் பெரிதாகக் கவலையில்லை.

காவலுக்குப் பொட்டை ஆகாதாம். கருத்தடை செய்யாத கடுவன், எங்கோ ஒரு பொட்டை பருவத்துக்கு வந்தால் போதும், தோப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடும். இடுப்பு ஒடிந்து என் மேஜைக்கு வருவதில் பாதிக்கு மேல் இப்படி ரோட்டைத் தாண்டப்போன கடுவன்கள்தான். கருத்தடை ஆன பொட்டைக்கு அந்த அலைச்சல் கிடையாது. கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோயும் அண்டாது.

அவர் அரை மனதோடுதான் ஒரு செவலைப் பொட்டையைக் கூட்டிப்போனார். நாலாம் நாள் போன்: "கட்டிலுக்கு அடியிலேயே கிடக்குது, சோறு தொடமாட்டேங்குது." தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்டேன். குடிக்கிறது. அப்படியானால் இழுக்காதீர்கள், பிள்ளைகள் போய்த் தடவவும் வேண்டாம், தட்டை வைத்துவிட்டு நகருங்கள் என்றேன். அடுத்த நாளும் சோறு தொடாவிட்டால் கூட்டிவரச் சொன்னேன். இரண்டு மூன்று வாரம் கயிறில்லாமல் வெளியே விடவே கூடாது. புது இடத்தில் மிரண்டு ஓடிய நாய்க்குத் திரும்பிவர வழி தெரியாது.

நம் பக்கம் நாய்க்கும் களிதான். தப்பில்லை, ஆனால் வெறும் களியும் மோரும் போதாது; தினம் ஒரு அவித்த முட்டையாவது சேருங்கள். வேகவைத்த கோழி எலும்பு வேண்டாம், உடைந்து குடலைக் குத்தும். உண்ணியை வாரம் ஒருமுறை காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் தேடுங்கள்.

வெறிநோய் ஊசி வருஷாவருஷம். இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை. வீட்டு நாயின் பல் பட்டாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை.

மாந்தோப்புக்காரர் அந்த ஊசிக்காகப் போன மாதம் வந்திருந்தார். அவள் மேஜைமேல் ஏற மறுத்து அவர் வேட்டிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டாள். அட்டையில் எழுதப் பெயர் கேட்டேன்.

"செந்தூரான்னு போடுங்க சார். தோப்புல இருக்கற மாமரமும் அதுதானே."