கரைக்கும் கூழ் அல்ல, கரைகூழ்

மூங்கிலிலிருந்து ரேயான் நூல் வரும் கதையைச் சொல்லும் கட்டுரையில் மறுபடியும் ‘கரைக்கும் கூழ்’. எனக்கு இது மூன்றாவது முறை. கூழ் எதை ஐயா கரைக்கிறது? கரைந்துபோவதே அதுதானே!

ரேயான் நூலுக்காகக் கரைக்கப்படும் செல்லுலோஸ் கூழ் இது; ஆங்கிலத்தில் டிசால்விங் பல்ப். 

செடியில் செல்லுலோஸோடு ஒட்டியிருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள் காகிதக் கூழில் இருந்தால் தாளுக்கு வலு. ரேயானுக்கு அது இடைஞ்சல். மூங்கிலில் அது நிறையவே உண்டு. அதனால் சில்லுகளை முதலில் நீராவியிலோ நீர்த்த அமிலத்திலோ வேகவைத்து அதைக் கழித்துவிடுவார்கள். அப்புறம்தான் எரிசோடா, சோடியம் சல்பைடு சேர்த்த வேக்காடு, வெளுப்பு எல்லாம். மிஞ்சுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆல்ஃபா செல்லுலோஸ், அதாவது நூலாகும் தூய செல்லுலோஸ். எரிசோடாவில் ஊறி, கார்பன் டைசல்பைடோடு வினைபுரிந்த பிறகு, நீர்த்த எரிசோடாவில் அது கரைந்து பாகாகும். 1892இல் காப்புரிமை பெற்ற விஸ்கோஸ் அந்தப் பாகுதான். கோழிக்கோடு பக்கம் மாவூரில் இருந்த ஆலை மூங்கிலிலிருந்து ரேயான் கூழ் செய்தது.

‘கரைசல் கூழ்’ என்பாரும் உண்டு. அது இன்னும் மோசம். நூல் செய்யும் ஆலைக்கு வரும்போது இது காய்ந்த அட்டை. கரைசல் ஆவது பிறகு. ‘கரையும் கூழ்’ தப்பில்லை. ஆனால் தண்ணீரில் போட்டாலே கரைந்துவிடும் என்று தோன்றும். ஊறுகாய், சுடுசோறு என்று வினைத்தொகை போடத் தெரிந்த மொழிக்கு ‘கரைகூழ்’ வராதா? ஊறுகாய் எதை ஊறவைக்கிறது என்று யாரும் கேட்பதில்லையே.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுகிறார்கள், அடுக்களையை எட்டிப் பார்ப்பதில்லை. வேகவைத்தபின் வடியும் பிளாக் லிக்கரைக் ‘கருப்பு மதுபானம்’ ஆக்கியதையும் படித்திருக்கிறேன். சோறு வடித்தால் வடிகஞ்சி. அதே வழியில் கருவடிநீர் என்றால் என்ன குறைந்துவிடும்?

‘கரைகூழ் என்றால் ஆற்றங்கரைக் கூழா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். மாவூர் ஆலை சாலியாற்றங்கரையில்தான் இருந்தது என்பதால் கொஞ்சம் தடுமாறினேன். ஆனால் ஆற்றங்கரை என்றால் க் மிகுந்து ‘கரைக்கூழ்’ ஆகிவிடும், வினைத்தொகையில் மிகாது. பிழை திருத்துகிறவர்கள் தயவுசெய்து அந்த க்-ஐ நடுவில் செருகிவிடாதீர்கள்.