இலை மிச்சம் பிடிக்கும் நீர் ஓடைக்கு வருகிறதா?

காற்றில் கரியமில வாயு கூடினால் செடிகள் குறைந்த நீரில் அதிகம் வளரும், ஆகவே வறட்சியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். முதல் பாதியில் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதியை நம்பிக் காடு வளர்ப்புத் திட்டம் போட்டால், கீழே கிணறு வைத்திருப்பவர்களின் நீர்தான் குறையும்.

ஒரு காடோ வயலோ ஒரு கிலோ நீரை ஆவியாக விட்டு எத்தனை கிராம் கார்பனைப் பிடிக்கிறது என்பதே அதன் நீர்ப் பயன்பாட்டுத் திறன். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 1 லிட்டர், அதாவது 1 கிலோ. ஆண்டுக்கு 1,500 கிராம் கார்பன் பிடித்து 1,000 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்கும் காட்டின் திறன் கிலோவுக்கு 1.5 கிராம். இது ஒரு விகிதம் மட்டுமே. மேலே உள்ள எண் கூடினாலும் விகிதம் உயரும், கீழே உள்ளது குறைந்தாலும் உயரும். எதனால் உயர்ந்தது என்று பார்க்காமல் முடிவெடுப்பதே இத்துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

ஹவாயின் மௌனா லோவாவில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது கரியமில வாயு சுமார் 315 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. வாயு எளிதாகக் கிடைப்பதால் இலைத்துளைகள் அவ்வளவு அகலமாகத் திறக்க வேண்டியதில்லை. திறந்த வயலில் குழாய் வளையம் அமைத்து வாயுவை 550 பிபிஎம் அளவுக்கு உயர்த்திச் செய்த சோதனைகளில், இலைத்துளை வழியே நீராவி கடக்கும் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அதே செடி கூடுதலாக இலை விடுகிறது. ஒவ்வொரு இலையும் மிச்சம் பிடித்ததை, இலைப் பரப்பு கூடியதே குடித்துவிடலாம்.

இதற்கு எதிர்த்திசையில் இழுப்பது வெப்பம். காற்று 1 டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 6 முதல் 7 சதவீதம் கூடும். 30 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் இருந்தால் காற்றின் ஈரப் பற்றாக்குறை, அதாவது அது தாங்கக்கூடிய நீராவிக்கும் இருக்கும் நீராவிக்கும் உள்ள அழுத்த வித்தியாசம், 1.7 கிலோபாஸ்கல். காற்றிலுள்ள நீராவி அப்படியே இருக்க வெப்பம் 35 டிகிரிக்குப் போனால் அது 3.1 ஆகிறது. ஐந்தே டிகிரியில் உறிஞ்சும் விசை கிட்டத்தட்ட இரட்டிப்பு! இலைத்துளை அதே அளவு திறந்திருந்தால் நீரிழப்பும் அந்த விகிதத்தில் கூடும். மூடிக்கொண்டால் நீர் மிஞ்சும், ஆனால் ஒளிச்சேர்க்கை விழும். நீராவி வெளியேறாததால் இலையும் சூடாகும். நெல் போன்ற பயிர்களில் அந்தச் சூட்டில் ஒளிச்சுவாசமும் (வெளிச்சத்தில் செடி கார்பனை இழக்கும் எதிர்வினை) கூடி, பிடித்த கார்பனில் ஒரு பகுதி மீண்டும் காற்றுக்கே போகிறது. 2003 கோடையில் ஐரோப்பாவில் இதைப் பெரிய அளவில் பார்த்தார்கள். வறட்சியில் காடுகளின் நீர்ச் செலவு குறைந்தது, கார்பன் பிடிப்பும் சேர்ந்தே விழுந்தது. எதிர்பார்த்தபடி திறன் உயரவில்லை.

திறன் உயர்ந்தால் நீர் மிஞ்சுமா என்ற கேள்விக்கு இரண்டு இடங்கள் தெளிவாகப் பதில் சொல்கின்றன.

சீனாவின் லோயஸ் மேட்டுநிலத்தில் 1999-இல் பெரும் பசுமையாக்கம் தொடங்கியது. அப்போது 31.6 சதவீதமாக இருந்த தாவரப் போர்வை 2013-இல் 59.6 ஆனது. மண்ணரிப்பு வெகுவாகக் குறைந்தது, அது உண்மையான சாதனை. ஆனால் ஆவியாகும் நீரும் கூடியது. ஆற்றுக்கு வரும் நீர் குறைந்தது. பல இடங்களில் மழைநீர் இறங்கும் ஆழத்துக்குக் கீழே, மரவேர்கள் நீரை உறிஞ்சியதால், மண் நீண்டகாலம் உலர்ந்த அடுக்காகிவிட்டது. 2016-இல் வெளியான ஆய்வொன்று, அங்கே ஆண்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிராம் கார்பன் என்ற நிகர உற்பத்தியை (செடிகள் தம் சுவாசச் செலவு போகச் சேர்க்கும் கார்பனை) தாண்டினால் மக்களுக்கான நீரில் கை வைக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டது.

நம் நீலகிரியின் கிளென்மார்கன் இன்னும் நெருக்கமான சான்று. அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் பாதிக்கும் சற்று அதிகமான பரப்பில் 1972-இல் யூக்கலிப்டஸ் நட்டார்கள். முதல் சுழற்சியில் ஓடை நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் தழைத்த இரண்டாம் சுழற்சியில் குறைவு 25 சதவீதத்தை எட்டியது. வேகமாகக் கார்பன் சேர்க்கும் மரம்தான், கிலோ நீருக்குக் கிடைத்த மரத்தை எண்ணினால் நல்ல கணக்கே வரும். ஓடைக்கு அந்தக் கணக்கு உதவவில்லை.

செயற்கைக்கோள் தரவை வைத்து நீர்ப் பயன்பாட்டுத் திறனைக் கணக்கிடும் மாணவர்களுக்கும் திட்ட அலுவலர்களுக்கும் சில எச்சரிக்கைகள். மோடிஸ் என்ற நாசா செயற்கைக்கோள் உணரியின் கார்பன் தரவு ஒளியையும் வெப்பத்தையும் காற்றின் வறட்சியையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. கரியமில வாயு கூடியதன் நேரடி விளைவு அதில் இல்லவே இல்லை. அந்தத் தரவில் தெரியும் போக்கை வாயுவின் விளைவு என்று எழுதக் கூடாது. அதன் ஆவியாதல் தரவு பாசன வயல்களில் பெரும்பாலும் குறைத்தே காட்டும், ஆகவே டெல்டாவில் திறன் பொய்யாக உயர்ந்து தெரியலாம். எட்டு நாள் தொகுப்புகளில் ஆண்டின் கடைசித் தொகுப்பு 5 அல்லது 6 நாள்தான். ஒவ்வொரு தொகுப்புக்கும் விகிதம் கண்டு சராசரி எடுக்காமல், பருவம் முழுதுக்கும் கார்பனைக் கூட்டி, நீரைக் கூட்டி, பிறகு வகுங்கள். காட்டுக்கோ வயலுக்கோ மேலே கோபுரத்தில் வைத்து வாயு, நீராவிப் போக்கை அளக்கும் கருவிகளிலும் சிக்கல் உண்டு. மழையில் திறந்த வகை வாயு உணரி வேலை செய்யாது, காற்றசையாத இரவுகளில் அளவீடு குறையும். வந்த வெப்ப ஆற்றலில் 10 முதல் 30 சதவீதம் கணக்கில் சேராமல் போவதும் வழக்கமே, அதைச் சொல்லாமல் நீராவி அளவை மட்டும் வெளியிடுவது சரியல்ல.

நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதும் இதே கண்ணோடு பார்க்க வேண்டியது. 30 சென்டிமீட்டர் நீளத் துளையிட்ட குழாயைப் பாதி மண்ணுக்குள் இறக்கி, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வயலைக் காயவிடக் கூடாது, விட்டால் பதர் கூடும். பம்பு ஓடும் நேரம் நன்றாகக் குறையும். ஆனால் மிச்சமாவதில் பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்கியிருக்கும் நீர், ஆவியாகும் நீர் கொஞ்சமே குறைகிறது. நிலத்தடி நீரை நம்பும் ஊரில், இறங்கும் நீர் பக்கத்துக் கிணற்றுக்குப் போவதாக இருந்தால், அதை அப்படியே சேமிப்பு என்று கணக்கெழுத முடியாது. ஆவியாவதையே குறைக்க வேண்டுமென்றால் மானாவாரி நிலத்தில் மூடாக்கும், சீக்கிரம் தழைத்து மண்ணை மூடும் ரகங்களும், குறுகிய வயதுப் பயிர்களும்தான் வழி. மண்ணிலிருந்து நேராக ஆவியாகும் நீரால் ஒரு கிராம் கார்பன்கூடக் கிடைப்பதில்லை.