“பாஸ்வேர்ட் இருக்கே டாக்டர்!”

ஒரு மருமகளின் அப்பாயின்ட்மென்ட் எஸ்எம்எஸ் மாமனார் போனுக்குப் போயிருக்கிறது. ‘மனநல கிளினிக், நாளை மாலை 6 மணி’ என்று பச்சையாக. பதியும்போது வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தார்கள். கிளினிக்கின் நோயாளிப் பதிவு மென்பொருள் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்த மென்பொருளை வாங்கும்போது டாக்டர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. வாய்ஸ் டைப்பிங் உண்டா, வருஷத்துக்கு எவ்வளவு, அதோடு சரி.

ரகசியம் பற்றிக் கேட்டால் விற்பவரிடம் ஒரே பதில்: “பாஸ்வேர்ட் இருக்கே டாக்டர்!” பாஸ்வேர்ட் வெளியாளைத்தான் தடுக்கும். மனநல கிளினிக்கில் விஷயம் கசிவது உள்ளேயிருந்து. டோக்கன் போடுபவரும் பில் போடுபவரும் பல ஊர்களில் நோயாளியின் தெருக்காரர்கள். எல்லோரும் ஒரே லாகினில், பாஸ்வேர்ட் மானிட்டரில் ஒட்டிய சீட்டில். அப்புறம் பூட்டு எதற்கு?

டெமோவில் டாக்டர் லாகினைப் பார்த்து மயங்காதீர்கள். ரிசப்ஷன் லாகினைத் திறக்கச் சொல்லுங்கள். அதில் பெயர், நேரம், கட்டணம் மட்டும் தெரிய வேண்டும். ஒரு நோயாளியைத் தேடிப் பாருங்கள். பட்டியலில் நோயின் பெயர் வருகிறதா? பில்லை பிரின்ட் எடுங்கள்; மூலையில் ‘எஃப் 20’ என்று ஐசிடி எண் (நோய்களுக்கான சர்வதேசக் குறியீடு) இருந்தால், கூகுளில் போட்டதும் ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு என்று வந்துவிடும். மொத்தப் பட்டியலையும் எக்ஸலாக இறக்கும் பொத்தான் அந்த லாகினில் இருக்கவே கூடாது. யார், எப்போது, எந்த ஃபைலைத் திறந்தார் என்ற பதிவும் வேண்டும்; அதை நீங்களே நினைத்தாலும் அழிக்க முடியக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் பிரிவு 23 ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்குகிறது. விற்பனையாளரின் உத்தரவாதம் அங்கே செல்லாது.

அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவில் நோயாளி தன் பதிவைக் கேட்டு வாங்கலாம். “குடிச்சுட்டு அடிக்கிறார், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க” என்று மனைவி தனியே சொன்னது கணவரின் நோட்டிலேயே கலந்து கிடந்தால்? பிறருக்கு ஆபத்து வரும் என்றால் குறிப்பிட்ட தகவலை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகலாம் என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டும். குடும்பத்தார் சொன்னதற்குத் தனிப் பகுதி, நகல் எடுக்கும்போது தனியாக விலக்கும் வசதி: இரண்டும் இல்லாத மென்பொருள் பொது மருத்துவருக்குச் செய்தது.

மருந்துப் பக்கத்துக்கும் ஒரு பரீட்சை வையுங்கள். வால்ப்ரோயேட் என்ற மனநிலை மருந்தைச் சாப்பிடுபவருக்கு, கூடவே லாமோட்ரிஜின் என்ற இன்னொன்றைத் தொடங்கும்போது 25 மி.கி. ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு வாரத்துக்கு. காலை-மதியம்-இரவு என்ற 1-0-1 கட்டம் மட்டுமே தெரிந்த மென்பொருள் இங்கே திணறும். தினமும் என்று அச்சாகிவிட்டால் ஆபத்து தோல் தடிப்போடு நிற்காது. அடுத்து லித்தியம், இதுவும் மனநிலை மருந்துதான். ரத்த அளவோடு கடைசி மாத்திரை சாப்பிட்ட நேரத்தையும் குறிக்க இடம் வேண்டும். 12 மணி நேரம் கழித்து எடுக்காத அளவை வைத்து டோஸை மாற்ற முடியாது. தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகம்) பரிசோதனைத் தேதி தாண்டினால் தானாக நினைவூட்ட வேண்டும். கவனக்குறைபாட்டுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட், கடும் கட்டுப்பாடுள்ள ஷெட்யூல் எக்ஸ் பட்டியல் மருந்து. அந்தச் சீட்டு மட்டும் இரண்டு பிரதி வர வேண்டும்.

பணம் கட்டும் முன்பே வெளியேறும் வழியைப் பாருங்கள். “எப்ப வேணா டேட்டா தர்றோம் சார்” என்பார்கள். கொடுப்பது பிடிஎஃப் குவியலாக இருந்தால் அடுத்த மென்பொருளில் ஏறாது. பத்துப் போலி நோயாளிகளைப் பதிந்து, எந்த மென்பொருளிலும் ஏற்றக்கூடிய அட்டவணை ஃபைலான சிஎஸ்வி-யாக இறக்கித் தரச் சொல்லுங்கள். தேதி, டோஸ், ஸ்கேன் செய்த தாள்கள் எல்லாம் வருகிறதா என்று எண்ணுங்கள். பேக்கப்பும் அப்படித்தான், வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால்தான் நம்பலாம். ஆபா எண்ணோடு (அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு) இணைக்கும் டிக் முன்கூட்டியே போடப்பட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அது நோயாளியின் முடிவு.

கடைசியாக அந்த எஸ்எம்எஸ். அனுப்புநர் பெயரின் ஆறு எழுத்திலேயே ‘மைண்ட்’, ‘சைக்’ வேண்டாம். வாசகமும் டிஎல்டி-யில் (தொலைத்தொடர்பு நிறுவனங்களின் எஸ்எம்எஸ் பதிவுத் தளம்) பதிவாவதால், நினைத்தபோது மாற்ற முடியாது; முதல் நாளே ‘டோக்கன் 14, நாளை மாலை 6 மணி’ என்று வைத்துவிடுங்கள். பதிவுப் பக்கத்தில் ‘மெசேஜ் வேண்டாம்’ என்று ஒரு கட்டம் இருக்கட்டும். நம்பரை எழுதும்போதே, “இது யார் கையில் இருக்கும் போன்மா?” என்று தயவுசெய்து ஒரு வார்த்தை கேளுங்கள்.