ஆறு போட்ட மேடு

ஆற்றை ஒட்டிய வீட்டுக்குத்தான் வெள்ள ஆபத்து அதிகம் என்று நினைப்போம். சமவெளியில் ஓடும் பெரிய ஆறுகள் பலவற்றில் இது தலைகீழ். கரையோரம்தான் அங்கே உயரமான இடம்.

வெள்ளம் கரை புரளும்போது தண்ணீர் சட்டென்று பரவி வேகம் இழக்கிறது. கனமான மணலைச் சுமக்க முடியாமல் கரையிலேயே போட்டுவிடுகிறது. நுண்ணிய களிமண் மட்டும் தூரம் போய், தேங்கிய நீரில் மெல்லப் படிகிறது. வெள்ளத்துக்கு வெள்ளம் இதே வேலை நடந்து, காலப்போக்கில் ஆற்றின் இருபுறமும் நீளமான மேடு எழுந்துவிடும். அதற்குப் பின்னால் நிலம் கண்ணுக்கே தெரியாத சரிவில் இறங்கிச் சதுப்பில் முடியும். ஒரு பிடி மண்ணை எடுத்தாலே வித்தியாசம் புரியும்: மேட்டு மண் பொலபொலவென்று உதிரும், பின்பக்கத்து மண் விரலை விடாது.

1718இல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் நியூ ஆர்லியன்ஸை அமைத்தது இப்படியொரு கரைமேட்டில்தான். கடல் மட்டத்துக்கு மேல் 3, 4 மீட்டர்; அந்தச் சதுப்பு நாட்டில் அதுவே பெரிய உயரம். நிலத்தைப் பங்கிட்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆளுக்கு ஆற்றோரத்தில் கொஞ்சம் முகப்பு, அங்கிருந்து சதுப்பு வரை நாடா போல நீண்ட நிலம். அப்போதுதானே எல்லோருக்கும் ஆறும் கிடைக்கும், மேடும் கிடைக்கும்? ஆறு வளையும் இடத்தில் இந்த நாடாக்கள் விசிறி மடிப்பாகக் குவிந்தன. பல தெருக்கள் இன்றும் அந்தக் கோடுகளில்தான் ஓடுகின்றன.

அப்புறம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய பம்புகள் வந்தன. சதுப்பை வடித்து வீடு கட்டினார்கள். ஆனால் சதுப்பு மண் என்பது பாதி மக்கிய செடிகொடிகளும் நீரும்தான். நீரை இறைத்ததும் மண் சுருங்கியது. காற்றுப் பட்டதும் மிச்சமும் மக்கியது. நிலம் இறங்க, மேலும் இறைக்க வேண்டியிருந்தது. இறைக்க இறைக்க இன்னும் இறங்கியது. இன்று நகரத்தில் ஏறக்குறைய பாதி, கடல் மட்டத்துக்குக் கீழே.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்தபோது வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்து, நகரில் சுமார் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. நகரின் வடக்கே உள்ள ஏரியின் பக்கம் சதுப்பை வடித்துக் கட்டிய லேக்வியூ பகுதியில் பல வீடுகளில் தண்ணீர் கூரை விளிம்பு வரை நின்றது. 1718இல் தேர்ந்தெடுத்த பழைய நகரம் பெரும்பாலும் தப்பியது. வெள்ள வரைபடத்தில் நனையாத பகுதியை மட்டும் பாருங்கள்: ஆற்றின் வளைவோடு வளைந்து போகும் ஒரு மெல்லிய பட்டை, அதே பழைய கரைமேடு.